கப்பலுக்குப் பின்னால் வரும் கப்பல்

2001 ஜனவரி 16-ஆம் தேதி இரவு, ஈக்வடார் நாட்டு எண்ணெய்க் கப்பலான 'ஜெசிக்கா', கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் சான் கிறிஸ்டோபல் துறைமுகத்தின் வாயிலில் தரைதட்டியது. கடலில் மிதந்த அடையாள விளக்கைக் கலங்கரை விளக்கம் என்று கேப்டன் எண்ணிவிட்டார். கப்பலில் இருந்தது சுமார் 9 லட்சம் லிட்டர் எரிபொருள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பால்ட்ரா தீவின் கிடங்குக்குப் போக வேண்டிய டீசல். மிச்சமிருந்த கெட்டியான கப்பல் எண்ணெய், விலங்குகளையும் பறவைகளையும் காட்டப் பயணிகளைத் தீவு தீவாக அழைத்துச் செல்லும் ஒரு சுற்றுலாக் கப்பலுக்காக வந்தது.

காற்றும் நீரோட்டமும் கைகொடுத்தன. எண்ணெயின் பெரும்பகுதியைக் கடல் வெளியே இழுத்துச் சென்றது. கரையில் செத்து ஒதுங்கிய உயிர்கள் குறைவு. எண்ணெயில் நனைந்த கடற்சிங்கங்களையும் பறவைகளையும் கழுவி விட்டதோடு கண்டம் தாண்டியது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் சாண்டா ஃபே தீவில் கடல் இகுவானா என்ற பெரும்பல்லிகளைப் பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்து வந்த மார்ட்டின் விக்கல்ஸ்கியின் குழு, 2002-இல் 'நேச்சர்' இதழில் வேறொரு கணக்கை வெளியிட்டது. விபத்துக்கு அடுத்த ஓராண்டில் அந்தத் தீவின் கடல் இகுவானாக்களில் 62 சதவீதம் இறந்திருந்தன. எண்ணெய் எட்டாத ஜெனோவேசா தீவில் அப்படிச் சாவு விழவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் தங்கிவிட்ட எண்ணெய், பாசியைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்களைக் கொன்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

கலாபகோஸைச் சுற்றிவரும் கப்பல் பயணம் அந்தத் தீவுகளைக் காக்கிறதா, கெடுக்கிறதா என்ற விவாதம் அரை நூற்றாண்டாக நடக்கிறது. பயணி கொண்டுவரும் பணத்தால்தான் காவல் நடக்கிறது என்பது ஒரு கட்சி. அவர் காலடி பட்ட இடம் பாழாகிறது என்பது மறு கட்சி. இரண்டு தரப்புமே பயணியைத்தான் உற்றுப் பார்க்கின்றன. ஜெசிக்கா கைகாட்டும் இடம் அவருக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. அவருக்கான எரிபொருளையும் கோழியையும் காய்கறியையும் சிமெண்டையும் ஏற்றிக்கொண்டு வரும் சரக்குக் கப்பலையும், அவரோடு வந்திறங்கும் விமானத்தையும் கவனித்தால் வழக்கின் போக்கே மாறுகிறது. இதுவரை சேர்ந்திருக்கும் சான்றுகள் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்கின்றன.

ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் மேற்கே, நிலநடுக்கோட்டின் இருபுறமும் சிதறிக் கிடக்கிறது இந்தத் தீவுக்கூட்டம். பெரிய தீவுகள் 13. குட்டித் தீவுகளையும் பாறைகளையும் சேர்த்தால் நூற்றைத் தாண்டும். எல்லாமே கடலடியிலிருந்து எழும்பிய எரிமலைகள். எந்தக் கண்டத்தோடும் ஒருகாலத்திலும் ஒட்டியிருந்தவை கிடையாது. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் ஓரிடத்தின் மீது நாஸ்கா புவித்தட்டு ஆண்டுக்கு சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கி நகர்கிறது. அதனால் மேற்கே இருக்கும் ஃபெர்னாண்டினாவும் இசபெலாவும் இளைய தீவுகள். அவற்றில் இன்றும் நெருப்பு கனல்கிறது. கிழக்கே இருக்கும் எஸ்பன்யோலா முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வயதாகித் தேய்ந்து தாழ்ந்து கிடக்கிறது. அதற்கும் கிழக்கே இருந்த தீவுகள் எப்போதோ நீருக்குள் போய்விட்டன. கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் கப்பல் பயணி, ஒரு தீவின் முதுமையிலிருந்து பிறப்பை நோக்கிப் போகிறார் என்று சொல்லலாம்.

பிறப்பு என்பது இங்கே பழங்கதை இல்லை. இசபெலாவின் வோல்ஃப் எரிமலை 2015-இலும் 2022-இலும், சியெரா நெக்ரா 2018-இலும், ஃபெர்னாண்டினா 2024 மார்ச்சிலும் வெடித்தன. 1968-இல் ஃபெர்னாண்டினாவின் எரிமலை வாயின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கியது. 1954-இல் இசபெலாவின் உர்பினா விரிகுடாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. கடலடி ஆள் உயரத்துக்கும் மேலே தூக்கப்பட்டு, பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையாகிவிட்டது. அழுகும் மீன்களின் நாற்றத்தைத் தொடர்ந்து வந்த ஒரு படப்பிடிப்புக் குழுதான் அதை முதலில் கண்டது. இன்று அங்கே இறங்கும் பயணிகள், புதர்களுக்கு நடுவே காய்ந்து நிற்கும் பவளப் பாறைகளைச் சுற்றி நடக்கிறார்கள்.

நிலத்தை எரிமலை கொடுத்தது. சோறு போடுவது கடல்தான். தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. வடகிழக்கிலிருந்து பனாமா பக்கத்து வெதுவெதுப்பான நீர் வருகிறது. மேற்கிலிருந்து கடலாழத்தில் ஓடிவரும் குரோம்வெல் நீரோட்டம் ஃபெர்னாண்டினாவின் அடிவாரத்தில் மோதி, சத்து நிறைந்த குளிர்நீரை மேலே தள்ளுகிறது. நிலநடுக்கோட்டில் பெங்குவின் வாழ முடிவது இந்த மோதலால்தான். மேற்குக் கரை மீனும் பாசியுமாகச் செழித்திருப்பதும் இதனால்தான்.

எல் நினோ ஆண்டுகளில் வணிகக்காற்று தளர்ந்து, வெதுவெதுப்பான நீர்ப் படலம் கடலை மூடிக்கொள்ளும்போது இந்தச் சமையலறை அடைபடுகிறது. 1982-83-இல் கலாபகோஸ் பெங்குவின்களில் 77 சதவீதம் மடிந்தன. 1997-98-இல் மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. பஞ்ச காலத்தில் கடல் இகுவானாக்கள் வெறுமனே மெலிவதில்லை, நீளத்திலேயே சுருங்குகின்றன. 20 சதவீதம் வரை சுருங்கியதை அளந்திருக்கிறார்கள். சுருங்கிய உடலுக்குக் கொஞ்சப் பாசி போதும். பாசி திரும்பியதும் மறுபடி வளர்கின்றன.

ஃபெர்னாண்டினாவில் பயணிகள் காலூன்றி நடக்க அனுமதி உள்ள இடம் புன்டா எஸ்பினோசா ஒன்றுதான். அங்கே ஒரு காலைப்பொழுது எப்படிப் போகிறது என்று பார்த்தால் இந்தப் பயண முறையின் இயல்பு பிடிபடும். இரவெல்லாம் ஓடிய கப்பல் விடியற்காலையில் நங்கூரமிடுகிறது. பயணிகள் 'பாங்கா' என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் ரப்பர் படகுகளில், ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேற்படாமல் இறங்குகிறார்கள். கையைக் குலுக்குவது போல நீட்டினால் மாலுமி விடமாட்டார். முன்கையை முன்கை பற்றிக்கொள்ள வேண்டும், பாசி படிந்த பாறையில் அதுதான் பிடி. கரை ஏறியதும் முதல் எச்சரிக்கை, பார்த்துக் கால் வையுங்கள் என்பது. கறுத்த லாவாப் பாறையென்று தோன்றுவது பாறையாக இருக்காது. நூற்றுக்கணக்கான கடல் இகுவானாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து வெயில் காய்கின்றன. குளிர்நீரில் மேய்ந்து உடல் விறைத்து வந்தவை அவை. பெரிய ஆண் இகுவானாக்கள் ஆழத்தில் மூழ்கி மேய்கின்றன. சிறியவை அலை வற்றும் நேரம் பார்த்துக் கரையோரப் பாசியைக் கடிக்கின்றன. வெயிலில் சூடேற ஏற, மூக்கு வழியே உப்புநீரைப் பீய்ச்சித் தும்முகின்றன. அந்த உப்பு காய்ந்து தலையில் வெள்ளை அப்பிக் கிடக்கிறது. சற்றுத் தள்ளி, பறக்கத் தேவையான அளவில் மூன்றில் ஒரு பங்கே வளர்ந்த சிறகுகளை விரித்துக் காயவைக்கிறது பறக்காத நீர்க்காகம். ஆண் பறவை கடற்பாசிக் கொத்து ஒன்றை வாயில் கவ்வி வந்து கூட்டில் இருக்கும் துணையிடம் கொடுக்கிறது. 16 பேரும் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறார்கள். பறவை அவர்களைப் பொருட்படுத்துவதில்லை.

இந்த அச்சமின்மை எல்லோரையும் உருக்குகிறது. ஒருகாலத்தில் உயிருக்கு உலை வைத்ததும் இதுதான். 1535-இல் காற்றில்லாமல் இங்கே அடித்துவரப்பட்ட பனாமா பிஷப் தோமாஸ் தெ பெர்லாங்கா, பறவைகள் கைக்கு எட்டுமளவு நெருங்கியும் ஓடவில்லை என்று ஸ்பெயின் அரசருக்கு எழுதினார். பின்னால் வந்த கடற்கொள்ளையர்களும் திமிங்கில வேட்டைக்காரர்களும் அதைச் சாப்பாடாக்கிக்கொண்டார்கள். ராட்சத ஆமைகள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், கெடாத இறைச்சி. இப்படி ஏற்றிப்போகப்பட்டவை ஒரு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். 1820-இல் 'எசெக்ஸ்' என்ற வேட்டைக்கப்பலின் மாலுமி ஒருவர் விளையாட்டாக வைத்த தீ ஃப்ளோரியானா தீவில் பரவிப் பெரும் பரப்பைச் சாம்பலாக்கியது. 1835 செப்டம்பரில் 'பீகிள்' கப்பலில் வந்த 26 வயது சார்ல்ஸ் டார்வின் இங்கே ஐந்து வாரம் இருந்தார். ஆமையின் ஓட்டைப் பார்த்தே எந்தத் தீவினது என்று சொல்லிவிட முடியும் என்று ஃப்ளோரியானாவில் துணை ஆளுநர் நிக்கோலஸ் லாசன் அவரிடம் சொன்னார். உயிரினத் தோற்றத்தின் சாவியே அந்தச் சொல்லில் இருந்தது. டார்வின் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பீகிளில் ஏற்றிய ஆமைகளைத் தின்றுவிட்டு ஓடுகளைக் கடலில் வீசினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் ஃப்ளோரியானா ஆமை அற்றுப்போனது.

அந்த வகையில் கப்பல் என்ற சொல்லுக்கே இந்தத் தீவுகளில் கெட்ட வரலாறு உண்டு. 1959-இல், பரிணாமம் பற்றிய டார்வினின் நூல் வெளிவந்து நூறாண்டு ஆனபோது, ஈக்வடார் அரசு தீவுகளின் நிலப்பரப்பில் 97 சதவீதத்தைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதே ஆண்டில் சார்ல்ஸ் டார்வின் அறக்கட்டளை பிறந்தது. 1964-இல் சாண்டா குரூஸ் தீவில் அதன் ஆய்வு நிலையம் திறந்தது. அறிவிப்பை நடைமுறையாக்கப் பணம் வேண்டும். பயணிகளை அனுமதித்தால் பணம் வரும். ஆனால் தீவுக்குத் தீவு விடுதி கட்டவிட்டால் காக்க எதுவும் மிஞ்சாது. இந்தச் சிக்கலுக்கு அறுபதுகளின் கடைசியில் கிடைத்த விடைதான் மிதக்கும் விடுதி. பயணி கப்பலில் உண்பார், கப்பலில் உறங்குவார், பகலில் சில மணி நேரம் மட்டும் தரையில் நடப்பார். 1978-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களங்களின் முதல் பட்டியலை வெளியிட்டபோது அதில் முதல் எண் கலாபகோஸுக்குப் போனது.

விதிகள் படிப்படியாக இறுகின. கப்பல் ஒன்றில் 100 பேருக்கு மேல் கூடாது. பெரும்பாலான படகுகளில் 16 பேர்தான். பூங்காவின் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் கரையேற முடியாது. காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் தரையில் ஆள் இருக்கக்கூடாது. குறிகள் நட்ட பாதையை விட்டு விலகக்கூடாது, கல், சிப்பி, இறகு எதையும் எடுக்கக்கூடாது. 2012-இல் வந்த விதிப்படி ஒரு கப்பல் 14 நாளுக்குள் ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை வர முடியாது. இதனால் கூட்டம் ஒரே கடற்கரையில் குவியாமல் பரவியது. எந்தக் கப்பல் எந்தக் காலையில் எங்கே என்பதைக் கப்பல் முதலாளி தீர்மானிப்பதில்லை. பூங்கா அட்டவணை போட்டுக் கொடுக்கிறது. கடற்கரை என்றால் யாரும் எப்போதும் போய் எதையும் கொறித்துவிட்டு வரலாம் என்று பழகிய நமக்கு இது கெடுபிடியாகத் தெரியலாம். உலகில் இயற்கைச் சுற்றுலா நடக்கும் இடங்களில் இவ்வளவு ஒழுங்கோடு நடக்கும் இடங்கள் மிகச் சில.

அப்படியும் அந்தக் காலடி தீங்கு செய்யவே இல்லையா? செய்கிறது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. 2002-இல் மைக்கேல் ரொமேரோவும் விக்கல்ஸ்கியும் பயணிகள் தினமும் வரும் இடத்தின் கடல் இகுவானாக்களையும், யாரும் வராத இடத்தின் இகுவானாக்களையும் ஒப்பிட்டு, ரத்தத்தில் மன உளைச்சல் ஹார்மோனை அளந்தார்கள். சாதாரண நிலையில் பெரிய வேறுபாடு இல்லை. பிடித்து வைத்து மிரட்டியபோது, பயணிகளைப் பார்த்துப் பழகியவற்றின் உடல் குறைவாகவே எதிர்வினை காட்டியது. இதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் உண்மையான ஆபத்து வரும்போது உடல் விழித்துக்கொள்ளத் தவறினால் என்ன ஆகும் என்ற கேள்வியை அந்த ஆய்வு திறந்தே விட்டது. பாதைகள் தேய்வதும், கூடு கட்டும் பறவை எப்போதாவது எழுந்து போவதும் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியும் தீமைகள்; பாதையை மூடலாம், இடத்தை மாற்றலாம். 2023 செப்டம்பரில் பறவைக் காய்ச்சல் தீவுகளை எட்டியபோது ஜெனோவேசா உள்ளிட்ட இடங்களைப் பூங்கா உடனே மூடியது. பாதிக்கப்பட்ட தீவுக்குக் கப்பல் போவதைத் தடுக்க ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது.

கண்ணில் படாமல் வருபவைதான் உண்மையில் கொல்கின்றன. இரவில் ஒரு தீவின் பக்கத்தில் விளக்கெரிய நிற்கும் கப்பலை நோக்கி விட்டில்களும் வண்டுகளும் பறந்து வருகின்றன. விடியும்போது கப்பல் அடுத்த தீவில் நிற்கிறது, பூச்சிகளும் அங்கே இறங்குகின்றன. பல லட்சம் ஆண்டுகளாகத் தீவுக்குத் தீவு தனித்தனியாக வளர்ந்த உயிர்களின் வேலியை ஒரு மேல்தள விளக்கு ஒரே இரவில் தாண்டவைக்கிறது. அதனால்தான் வெளி விளக்குகளைக் கட்டுப்படுத்தும் விதி வந்தது. கொசு இன்னும் பெரிய கவலை. நம் ஊர்ச் சாக்கடைகளில் வளர்கிற அதே குலெக்ஸ் கொசு, எண்பதுகளில் தீவுகளுக்குள் நுழைந்தது. கண்டத்திலிருந்து வரும் விமானங்களில் அது தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதையும், தீவுகளுக்கிடையே படகுகளில் பரவுவதையும் மரபணுச் சான்றோடு ஆர்னோ பத்தாய் குழு 2009-இல் காட்டியது. ஹவாய்த் தீவுகளில் பறவை மலேரியாவைப் பரப்பி உள்ளூர்ப் பறவைகளை ஒழித்ததில் இந்தக் கொசுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை நினைத்தால் கலக்கம் புரியும்.

ஃபிலோர்னிஸ் டவுன்சி என்ற ஒட்டுண்ணி ஈயின் கதை ஏற்கெனவே நேர்ந்துவிட்ட கேடு. அதன் புழுக்கள் 1997-இல் ஃபிஞ்ச் குருவிகளின் கூடுகளில் கண்டுபிடிக்கப்பட்டன. பகலில் கூட்டின் அடியில் ஒளிந்திருந்து, இரவில் குஞ்சுகளின் ரத்தத்தைக் குடிக்கின்றன. மூக்குத் துளைக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. இசபெலாவின் மேற்குக் கரையில் மட்டும் வாழும் அலையாத்தி ஃபிஞ்ச் இன்று சுமார் 100 பறவைகள்தான். அதன் முட்டைகளை எடுத்து வந்து, குஞ்சுகளைக் கையால் வளர்த்துத் திரும்ப விட்டும் காப்பாற்றப் போராடியிருக்கிறார்கள். அந்த ஈ எப்படி வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பழக்கூடையிலோ விமானத்திலோ வந்திருக்கலாம். அதைக் கொண்டுவர எந்தப் பயணியும் பாதையை விட்டு விலக வேண்டியிருக்கவில்லை.

தீவுகளுக்கு வருபவரின் தொகையைப் பார்க்க வேண்டும். 1979-இல் சுமார் 12,000 பேர் வந்தார்கள். 2010-இல் 1.7 லட்சத்தைத் தாண்டினார்கள். 2023-இல் அது சுமார் 3.3 லட்சம். இந்தப் பெருக்கத்துக்குக் கப்பல்கள் காரணம் என்று சொல்வது அநியாயம். கப்பல்களில் உள்ள மொத்தப் படுக்கைகள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. அந்த எண்ணிக்கையைத் தொண்ணூறுகளிலிருந்து அரசு பூட்டி வைத்திருக்கிறது. கூடியவர்கள் எல்லாம் போர்ட்டோ அயோரா போன்ற ஊர்களில் விடுதி எடுத்துத் தங்கி, பகலில் படகு பிடித்துப் போய் வருபவர்கள். இன்று வருபவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவர்கள்தான். அவர்களுக்கு விடுதி வேண்டும், விடுதி கட்ட ஆள் வேண்டும், ஆளுக்கு வீடும் பள்ளியும் தண்ணீரும் வேண்டும். 1950-இல் 1,346 ஆக இருந்த மக்கள்தொகை 2022-இல் 28,500-ஐத் தாண்டிவிட்டது. உணவில் பெரும்பகுதியும் எரிபொருளும் ஈக்வடார் கரையிலிருந்து கப்பலில் வருகின்றன. 2019 டிசம்பரில் சான் கிறிஸ்டோபலில் கிரேன் சரிந்து ஒரு சரக்குப் படகு டீசலோடு கவிழ்ந்தது. அதன்மேல் ஏற்றிக்கொண்டிருந்தது ஒரு மின்னாக்கி. ஊர் பெருத்தால் மின்சாரத் தேவையும் பெருக்கத்தான் செய்யும்.

ஊர் வளர்ச்சி பரிணாமத்தையே தொட்டுவிட்டது என்பதற்கும் சான்று உண்டு. போர்ட்டோ அயோராவுக்கு அருகே நடுத்தரத் தரை ஃபிஞ்ச் குருவிகளில் அறுபதுகளில் பெரிய அலகு, சிறிய அலகு என்று இரண்டு வகை தெளிவாகப் பிரிந்து நின்றன. ஓரினம் இரண்டாகப் பிரியும் தருணம் அது. ஊர் பெருத்து, சோற்றுப் பருக்கையும் ரொட்டித் துண்டும் எந்த அலகுக்கும் எளிதாகக் கிடைத்தபோது நடுத்தர அலகுகள் பெருகி அந்தப் பிரிவு மங்கிவிட்டதை ஆண்ட்ரூ ஹென்ட்ரியும் கூட்டாளிகளும் 2006-இல் எழுதினார்கள். ஆள் நடமாட்டம் குறைந்த எல் கரபட்டேரோவில் அது இன்னும் தெளிவாக இருந்தது. ஒரு குருவியின் எதிர்காலத்தை உணவகத்தின் மேசை தீர்மானித்துவிட்டது வேதனையான விஷயம்.

இதைச் சொல்லி உள்ளூர்வாசிகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சரியாகாது. கப்பல் சுற்றுலாவின் பெரிய குறை அவர்கள் வாயிலிருந்துதான் வந்தது. பயணச்சீட்டு வெளிநாட்டில் விற்கிறது, லாபம் கண்டத்துக்கோ அதற்கும் அப்பாலோ போகிறது, பயணி ஊருக்குள் ஒரு வேளைச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் போய்விடுகிறார் என்ற மனக்குறை நியாயமானது. ஊர்ச் சுற்றுலா எழுந்ததே அந்தப் பங்கைக் கேட்டுத்தான். மீனவர்களின் கோபம் அதற்கு முன்பே வெடித்திருந்தது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் தமிழ் மீனவர்களுக்குக் கடல் அட்டையின் விலையையும் அதன் மீதான தடையின் வலியையும் விளக்க வேண்டியதில்லை. இந்தியா 2001-இல் அதைப் பிடிக்கத் தடை விதித்தது. கலாபகோஸில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆசியச் சந்தைக்காகக் கடல் அட்டை பிடிக்கும் வேட்கை பரவியது. அரசு கட்டுப்படுத்தியதும், 1995 ஜனவரியில் மீனவர்கள் டார்வின் ஆய்வு நிலையத்தை முற்றுகையிட்டு, அங்கிருந்த ஆமைகளைப் பிணையாக்கி மிரட்டினார்கள். 1998-இன் சிறப்புச் சட்டம் அந்தப் பூசலிலிருந்து பிறந்தது. 40 கடல் மைல் வரை தொழிற்சாலை மீன்பிடிப்புக்குத் தடை, உள்ளூர் மீனவருக்கு உரிமை, கண்டத்திலிருந்து குடியேற வரம்பு, நுழைவுக் கட்டணத்தில் ஊராட்சிக்கும் பங்கு என்று எல்லோரையும் ஒரே வரம்புக்குள் கொண்டுவந்தது அது.

அந்த நுழைவுக் கட்டணம் எங்கே போகிறது என்பதைப் பயணி தன் கண்ணாலேயே பார்க்க முடியும். ரேஞ்சர்களின் சம்பளம், ரோந்துப் படகின் எரிபொருள், ஆமைப் பண்ணையின் தீனி எல்லாம் அதிலிருந்து வருகின்றன. பெரிய திட்டங்களுக்கு வெளிநாட்டு மானியம் சேர்ந்தது. 1997 முதல் 2006 வரை நடந்த இசபெலா திட்டத்தில் 1,40,000-க்கும் மேற்பட்ட ஆடுகள் ஒழிக்கப்பட்டன. மாலுமிகள் இறைச்சிக்காக விட்டுச்சென்ற ஆடுகளின் வம்சம், ஆமைகள் தின்ன வேண்டிய இலையையெல்லாம் மொட்டையடித்துக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். மிஞ்சியவற்றைக் கண்டுபிடிக்க, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிய ஆடுகளை விட்டுக் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்க வைத்தார்கள். மனத்துக்கு ஒவ்வாத வேலைதான். செய்யாவிட்டால் ஆமை போயிருக்கும்.

எஸ்பன்யோலா தீவின் ஆமைக் கதையை எத்தனை முறை சொன்னாலும் தகும். அறுபதுகளில் தேடியபோது அந்தத் தீவில் எஞ்சியிருந்தவை 12 பெண், 2 ஆண். ஒன்றையொன்று சந்திக்கவே முடியாத தூரத்தில் சிதறிக் கிடந்த அவற்றை ஆமைப் பண்ணைக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையிலிருந்து மூன்றாவது ஆண் 'டியேகோ' எழுபதுகளில் திரும்பி வந்தது. இந்த 15 ஆமைகளின் வழியில் பிறந்தவை ஏறக்குறைய 2,000. அவற்றில் நாற்பது சதவீதம் டியேகோவின் வாரிசுகள். 2020 ஜூனில் முதுமையடைந்த அந்த 15-ஐயும் அவற்றின் சொந்தத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். பிண்டா தீவின் கடைசி ஆமையான 'தனிமை ஜார்ஜ்' அந்தப் பேறு பெறவில்லை. துணை கிடைக்காமலே 2012 ஜூன் 24-இல் இறந்தது. பின்சோன் தீவில் 2012-இல் எலிகளை ஒழித்த பிறகு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முட்டையிலேயே முடிந்துபோன ஆமைக்குஞ்சுகள் முதன்முறையாகக் காட்டில் பிழைத்து நடமாடின.

கப்பல்களுக்கு இன்னொரு பயனும் உண்டு, அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. வழிகாட்டிகளுடன் நாள்தோறும் இந்தக் கடலில் திரியும் கலங்கள் கள்ளத்தனம் செய்பவர்களுக்கு இடைஞ்சல். ஆயினும் வெளிக் கடலிலிருந்து வரும் அழுத்தத்துக்கு அவை போதாது. 2017 ஆகஸ்டில், 1998-இன் சட்டம் வகுத்த கடல் காப்பகத்துக்குள் பிடிபட்ட ஒரு சீனக் குளிர்பதனக் கப்பலில் 6,000-க்கும் மேற்பட்ட சுறாக்கள் இருந்தன; கொம்பன் சுறாக்களும் அவற்றில் சேர்த்தி. 2020-இல் காப்பகத்தின் எல்லையை ஒட்டி சுமார் 300 அயல்நாட்டு மீன்பிடிக் கப்பல்கள் வரிசைகட்டி நின்றன. சுறாவுக்கும் திமிங்கிலச் சுறாவுக்கும் எல்லைக்கோடு தெரியாது. அவை கோஸ்டா ரிக்காவின் கோகோஸ் தீவு வரை போய் வருபவை. அந்த வழியைக் காக்க 2022-இல் 60,000 சதுர கிலோமீட்டரில் எர்மான்தாத் கடல் காப்பகத்தை ஈக்வடார் அறிவித்தது. 2023 மே மாதம், 160 கோடி டாலர் கடன் பத்திரங்களைக் குறைந்த விலையில் திரும்ப வாங்கி, மிச்சமான தொகையில் ஒரு பகுதியைக் கலாபகோஸ் கடலுக்கு ஒதுக்கும் ஏற்பாடும் கையெழுத்தானது.

எனவே கப்பல் பயணத்தை நிறுத்தினால் தீவுகள் தப்பிக்கும் என்ற வாதம் நிற்காது. நிறுத்தினால் ரேஞ்சர் சம்பளம் நிற்கும், கடலில் கண்கள் குறையும். ஊர்ச் சுற்றுலா மட்டும் வளர்ந்துகொண்டே போகும். கப்பலில் பழுது இல்லை என்பதும் இல்லை. அது எரிக்கும் எரிபொருள் அதிகம், ஜெசிக்காவின் நினைவு போகாது, மேல்தள விளக்கும் ஒரு வாசல். 2005-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இந்தக் கடலைச் சிறப்புக் கவனம் வேண்டிய பகுதியாக அறிவித்ததில் ஜெசிக்காவுக்கும் பங்குண்டு. என்றாலும் கப்பலுக்கு உச்சவரம்பு இருக்கிறது. படுக்கைக்கு எண் இருக்கிறது, கரையேறும் நேரம் எழுதப்பட்டிருக்கிறது. விமானத்துக்கும் விடுதிக்கும் அப்படி ஓர் உறுதியான எண் கிடையாது.

2024 ஆகஸ்டு 1 முதல் பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளின் நுழைவுக் கட்டணம் 100 டாலரிலிருந்து 200 டாலர் ஆனது. பல ஆண்டுகளாக ஏறாத கட்டணம் ஏறியது நியாயம்தான். ஆனால் கலாபகோஸுக்கு வந்துசேரப் பல ஆயிரம் டாலர் செலவழிக்கத் தயாராக இருப்பவரை 100 டாலர் தடுக்காது. தடுத்தால் செலவைச் சுருக்கி வரும் மாணவரைத்தான் தடுக்கும். 2007-இல் ஆபத்தில் உள்ள களம் என்று அறிவித்து, 2010-இல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்த யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, பயணிகளின் எண்ணிக்கை இனி கூடாத ஒரு சுற்றுலாத் திட்டத்தை வகுக்கும்படி ஈக்வடாரைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. அதைச் செய்வது கண்டத்தில் இருக்கும் ஓர் ஊரில் செய்வதைவிட இங்கே எளிது. கண்டத்திலிருந்து பயணி விமானங்கள் இறங்குவது பால்ட்ரா, சான் கிறிஸ்டோபல் என்ற இரண்டே இடங்களில். ஒவ்வொருவரும் பயணத்துக்கு முன்பே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், பைகள் சோதிக்கப்படுகின்றன, பெயர் பதிவாகிறது. கப்பல் படுக்கைகளை எண்ணிப் பூட்டிய அதே அரசு, விமான இருக்கைகளையும் விடுதி அறைகளையும் எண்ணிப் பூட்ட வேண்டும். உள்ளூர்க்காரருக்கு அந்த வரம்புக்குள் முதல் உரிமை தர வேண்டும். சரக்குக் கப்பலின் காய்கறிக் கூடையைச் சோதிக்கும் தனிமைப்படுத்தல் ஆய்வாளர்களை இரட்டிப்பாக்க, கூடுதலாக வரும் 100 டாலரில் முதல் பங்கை ஒதுக்கலாம்.